கடைசிச் சொல்லுக்குக் காத்திருங்கள்



சோழ மண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் இருக்கிறது கோடியக்கரை. வேதாரண்யத்திற்குத் தெற்கே, உப்பளங்களைக் கடந்து காட்டுக்குள் சென்றால் கடல் வந்துவிடும். 1967 ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற இவ்விடம், 2002 ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வெளிமான்கள் மேயும் அந்தப் புல்வெளிக்கும், பூநாரைகள் நிற்கும் அந்தச் சேற்று நிலத்திற்கும் குளிர்காலந்தோறும் வடபுலத்திலிருந்து பறவைகள் கூட்டங்கூட்டமாக வந்து தங்கித் திரும்புகின்றன. 1883 இல் தொடங்கப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள், பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு, அவை எங்கிருந்து வருகின்றன, எங்கே செல்கின்றன என்பதை ஆராய்ந்து வந்திருக்கின்றனர். பறவையியல் மேதை சாலிம் அலீ (1896–1987) அவர்களின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஊர்களுள் இதுவும் ஒன்று.

பறவைகளைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அங்கே என் மாணவன் ஒருவன் சொன்ன மூன்று ஆங்கிலச் சொற்களைப் பற்றியே எழுத விழைகின்றேன். அம்மூன்று சொற்கள், பல்லாண்டுகளாக மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு ஒரு பாடம் நடத்திவிட்டன.

ஒரு குளிர்கால விடுமுறையில் மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு, தோப்புத்துறை வழியாகக் கோடியக்கரை சென்றிருந்தேன். அங்கே வளையமிடும் பணியில் இருந்த ஓர் இளம் ஆய்வாளர் தமிழ் அறியாதவர். எங்கள் பிள்ளைகளின் ஆர்வத்தைக் கண்டு, ஒருவனிடம் குறிப்பேட்டைக் கொடுத்துத் தமக்கு உதவச் சொன்னார். துணிப்பையிலிருந்து சிறு பறவை ஒன்றை மெல்ல வெளியே எடுத்தார், வளையத்தைப் பூட்டினார், வளையத்தின் எண்ணை உரக்கப் படித்தார். பிறகு அவனைப் பார்த்து, ‘ரைட் இட் டவுன்’ என்றார். நம் பிள்ளை மிகுந்த மரியாதையுடன், ‘எஸ் சார், ஐ வில் ரைட் டவுன் இட்’ என்றான். அவர் புன்னகை புரிந்தவராக, ‘எஸ், ரைட் இட் டவுன்’ என்று மீண்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் அவன் என்னிடம் கேட்டான்: “ஹஜ்ரத், அவர் சொன்னதும் அதே மூன்று சொற்கள், நான் சொன்னதும் அதே மூன்று சொற்கள். இடம் மாறியதால் என்ன ஹஜ்ரத் கெட்டுவிட்டது? நான் சொன்னது அவருக்கு விளங்கத்தானே செய்தது?”

நான் ஒரு கலைப் பட்டதாரி. மத்ரஸாவில் அரபுப் பாடம் முடிந்த பின்னர், அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லித் தருபவன். ஆயினும் அன்று, “ஆங்கிலேயர் அப்படித்தான் சொல்வார்கள், தம்பி” என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சிறிய பிழைதானே என்று எண்ணினேன். அது சிறியதன்று என்பதைச் சில மாதங்களில் அறிந்துகொண்டேன்.

நழுவிய கயிறு

என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்தார். ஸலாம் கூறி அமர்ந்தவரின் முகத்தில் சபராளியின் மகிழ்ச்சி இல்லை. கேட்டபோது சொன்னார்.

வேலைத்தளத்தில் ஒரு பெட்டியைக் கயிறு கட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் ஒரு முனை இவர் கையில் இருந்தது. கீழே நின்ற மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் கட்டளையிட்டார்: ‘லெட் இட் டவுன் ஸ்லோலி.’ அதை மெதுவாகக் கீழே இறக்கு என்பது பொருள். இயந்திர இரைச்சலுக்கிடையே இவர் ‘லெட் இட்’ என்ற இரு சொற்களைக் கேட்டார். ‘லெட்’ என்றால் ‘விடு’. ‘இட்’ என்றால் ‘அதை’. அதை விடு என்கிறார் என்று எண்ணிக் கயிற்றை விட்டுவிட்டார். பெட்டி விழுந்து, உடன் வேலை செய்த வங்காளச் சகோதரர் ஒருவரின் கால்விரல்கள் இரண்டு நசுங்கின. இறையருளால் உயிருக்கு ஒன்றும் நேரவில்லை.

“நீங்கள்தானே ஹஜ்ரத், ‘லெட்’ என்றால் விடு என்று சொல்லித் தந்தீர்கள்?” என்று அவர் கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை; தம் மனச்சுமையை இறக்கிவைக்கத்தான் கேட்டார். ஆனால் அந்தச் சுமையில் பாதி என் தோளுக்கு வந்துவிட்டது. சொல்லின் பொருளைச் சொல்லித் தந்த நான், அச்சொல் தனியே வருவதில்லை என்பதைச் சொல்லித் தரவில்லை. ‘லெட் இட் கோ’ என்றால் விட்டுவிடு. ‘லெட் இட் டவுன்’ என்றால் இறக்கு. ‘லெட் இட் இன்’ என்றால் உள்ளே வரவிடு. ‘லெட் இட் அவுட்’ என்றால் வெளியே விடு. முதலிரு சொற்கள் நான்கிலும் ஒன்றே. செய்ய வேண்டிய செயல் எது என்பதைக் கடைசிச் சொல்லே தீர்மானிக்கிறது.

கோடியக்கரையில் பிள்ளை கேட்ட கேள்விக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. பேசும்போது அச்சொற்களை இடம் மாற்றினால் கேட்பவர் புன்னகையோடு திருத்துவார். ஆனால் கேட்கும்போது அவை எந்த இடத்தில் வரும் என்று அறியாவிட்டால், கயிறு கையை விட்டு நழுவிவிடும்.

விதி ஒன்றுதான்

இனி விதியைப் பார்ப்போம். அஞ்ச வேண்டாம்; அது மூன்று வரிகளில் அடங்கிவிடும்.

ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் ஒரு சிறிய வினையடையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வருகின்றன. ஆன், ஆஃப், அப், டவுன், இன், அவுட், அவே, பேக் என்பன அத்தகைய வினையடைகள். செயலுக்கு உள்ளாகும் பொருள் ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் அதை இரண்டு இடங்களில் வைக்கலாம். ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’ என்றும் சொல்லலாம். ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ என்றும் சொல்லலாம். இரண்டும் சரியே.

ஆனால் அந்தப் பெயருக்குப் பதிலாக இட், ஹிம், ஹெர், தெம், மி, அஸ் போன்ற பிரதிப்பெயர் வந்தால் ஓரிடந்தான் உண்டு: வினைக்கும் வினையடைக்கும் நடுவே. ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்பதே சரி. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்பது பிழை. வினை முதலில், பிரதிப்பெயர் நடுவில், வினையடை கடைசியில். இவ்வளவே விதி.

இதற்குக் காரணமும் உண்டு. ஆங்கிலம் பொதுவாகப் புதிய செய்தியையும் கனமான சொல்லையும் வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளும் இயல்புடையது. ‘இட்’ என்று நாம் சொல்லும்போது எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். அதில் புதுமை ஏதுமில்லை. அதை என்ன செய்ய வேண்டும் என்பதே புதிய செய்தி. ஆகவே ‘ஆஃப்’ என்ற சொல் இறுதியில் நின்று அழுத்தத்தைப் பெறுகிறது. ‘இட்’ என்ற மெலிந்த சொல் வினையை ஒட்டிக்கொண்டு ஒலிக்கிறது. ‘ஸ்விட்சிட்’ என்று இரண்டும் ஒரே மூச்சில் வருவதைக் கவனித்துப் பாருங்கள்.

பெயர்ச்சொல் மிக நீளமாக இருந்தால் அதுவே கனமாகிவிடுகிறது. ‘கதவருகே நீ வைத்துவிட்டுச் சென்ற பையை எடு’ என்று சொல்ல வேண்டுமானால், ‘பிக் அப்’ என்று சொல்லி முடித்துவிட்டு, அந்த நீண்ட தொடரை அதற்குப் பின்னே வைப்பதுதான் எளிது. கையால் சுட்டிக்காட்டி, ‘அதையன்று, இதை எடுத்துச் செல்’ என்று அழுத்திச் சொல்லும்போது ‘டேக் அவே திஸ்’ என்று வருவதும் உண்டு. அங்கே ‘திஸ்’ என்பதே புதிய செய்தி என்பதால் இறுதி இடம் அதற்குக் கிடைக்கிறது. ஆகவே இவையும் அதே காரணத்தில் அடங்குபவைதாம்.

நாம் ஏன் தவறுகிறோம்?

நம் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். அவர்கள் செய்யும் பிழைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

‘அதைக் கீழே வை’ என்கிறோம் தமிழில். பொருள் முதலில், வினையடை நடுவில், வினை இறுதியில். ஆங்கிலத்தில் வினை முதலில் வரும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். பிள்ளை என்ன செய்கிறான்? தமிழ் வாக்கியத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிடுகிறான். வை – கீழே – அதை. ‘புட் – டவுன் – இட்’. கண்ணாடியில் தெரியும் உருவம்போல அது சரியாகவே திரும்பியிருக்கிறது. ஆனால் ஆங்கிலம் தமிழின் கண்ணாடி உருவமன்று. வை – அதை – கீழே, ‘புட் – இட் – டவுன்’ என்பதே அம்மொழியின் வரிசை.

மற்றொரு காரணமும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. ‘லைட்டை ஆஃப் பண்ணு’, ‘மோட்டாரை ஆன் பண்ணு’, ‘பாரத்தை ஃபில்லப் பண்ணு’, ‘தம்பியைப் பிக்கப் பண்ணு’ என்று நாள்தோறும் பேசுகிறோம். இவற்றை ஊன்றிக் கவனியுங்கள். ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்பதில் ‘ஸ்விட்ச்’ என்ற வினையை விட்டுவிட்டு, ‘ஆஃப்’ என்ற வினையடையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதற்கு நம்முடைய ‘பண்ணு’வைத் துணையாக்கிவிட்டோம். செயலின் உயிர் அந்த வினையடையில்தான் இருக்கிறது என்பதை நம் மக்கள் இலக்கணம் படிக்காமலே கண்டுகொண்டார்கள்! ஆனால் ‘ஃபில்லப்’, ‘பிக்கப்’ என்று இரு சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக்கியதால், அவற்றைப் பிரித்து நடுவே மூன்றாவது சொல் ஒன்று நுழையக்கூடும் என்பதை மறந்துவிட்டோம். ‘ஃபில் இட் அப்’, ‘பிக் ஹிம் அப்’ என்று கேட்கும்போது அது வேறு ஏதோ போலத் தோன்றுகிறது.

தமிழில் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. ‘அதைக் கீழே வை’, ‘கீழே வை அதை’, ‘வை அதைக் கீழே’ என எப்படிச் சொன்னாலும் விளங்கும். இரண்டாம் வேற்றுமை உருபாகிய ‘ஐ’ எங்கே சென்றாலும் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொற்களோ அத்தகைய உருபுகளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இழந்துவிட்டன. எனவே அம்மொழியில் சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது.

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1755 இல் தம் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையிலேயே, வினையோடு சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வகைத் தொடர்களே அயல்நாட்டார்க்கு மிகுந்த தொல்லை தருபவை என்று குறிப்பிட்டார். 1925 இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் நூலில் இவற்றிற்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரை வழங்கினார். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவராகிய ஹென்றி பிராட்லி என்றும் அவர் எழுதினார். ஜப்பானியருக்கு ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, அயல்மொழியார்க்கென்றே ஓர் அகராதியைத் தொகுத்து 1942 இல் டோக்கியோவில் வெளியிட்டார். எந்த வினை எந்த வரிசையில் வரும் என்பதைக் காட்டுவதே அதன் தனிச்சிறப்பு. பின்னாளில் நம் மாணவர் கைகளில் தவழ்ந்த ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதி அதிலிருந்து வளர்ந்ததேயாகும்.

நம் நாகூர், நாகப்பட்டினத்து முன்னோர் கப்பலேறிச் சென்று குடியேறிய சிங்கப்பூரையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். தெலோக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில் நாகூர் தர்காவின் நினைவிடம் எழுப்பப்பட்ட ஊர் அது. அங்கே அன்றாடப் பேச்சில் ‘ஆஃப் தி லைட்’, ‘ஆன் தி ஃபேன்’ என்று, வினையடையையே வினையாக்கிப் பேசுவது பெருவழக்கு. சீன மொழியில் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் ஒற்றை வினைகளே உள்ளமை அதற்கு ஒரு காரணம். வீட்டுக்குள் அது இனிய மொழிதான். ஆயினும் உலகோடு பேச அது போதாதென்று கருதிய அந்நாட்டு அரசு, 2000 ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் ஒன்றையே தொடங்கிற்று. ஆகவே இதில் தடுமாறுவோர் நாம் மட்டுமே என்று நாண வேண்டியதில்லை.

அரபு கற்றோர்க்கு இது எளிது

இவ்விடத்தில் மத்ரஸா மாணவர்களுக்கு ஒரு நற்செய்தி. இதே இயல்பை நீங்கள் நஹ்வுப் பாடத்தில் முன்பே படித்துவிட்டீர்கள்!

‘நஸர ஜைதுன் அம்ரன்’ என்றால், ‘ஜைது அம்ருக்கு உதவினார்’ என்று பொருள். வினை முதலில், செய்தவர் அடுத்து, உதவி பெற்றவர் கடைசியில். அம்ரு என்ற பெயருக்குப் பதிலாக ‘அவருக்கு’ என்று சொல்ல வேண்டுமானால் என்ன செய்கிறோம்? ‘நஸரஹு ஜைதுன்’ என்கிறோம். கடைசியில் நின்ற பெயர் ‘ஹு’ என்ற சிறிய ளமீராக மாறியதும், செய்தவரையும் முந்திக்கொண்டு ஓடிவந்து வினையோடு ஒட்டிக்கொள்கிறது. இதைத்தான் ‘ளமீர் முத்தஸில்’, அதாவது ஒட்டு ளமீர் என்று படித்தோம். ஹிஜ்ரி 672 இல் (கி.பி. 1274) திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னு மாலிக், தம் அல்ஃபிய்யாவில், ஒட்டி வர வழியிருக்கும்போது ளமீர் விலகி வராது என்று இதை விதியாகவே வகுத்திருக்கிறார்.

ஆங்கிலமும் அரபும் வெவ்வேறு குடும்பத்து மொழிகள். ஆயினும் இந்த ஓர் இயல்பில் அவை ஒத்துப்போகின்றன. பெயர்ச்சொல் தள்ளி நிற்கலாம். பிரதிப்பெயர் வினையின் விரலைப் பிடித்துக்கொண்டே நடக்கும். தாயின் கைப்பிடியில் வரும் சிறு குழந்தைபோல. இதைச் சொன்னதும் எங்கள் மாணவர்களுக்கு ஆங்கில விதி ஒரே நாளில் பதிந்துவிட்டது. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்று எவனாவது சொன்னால், “ளமீரை ஏன்டா பிரித்தாய்?” என்று உடனிருப்பவனே திருத்துகிறான்.

எல்லாச் சிறு சொற்களும் வினையடை அல்ல

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றால் அவனைக் கவனித்துக்கொள் என்று பொருள். ‘வெயிட் ஃபார் ஹெர்’ என்றால் அவளுக்காகக் காத்திரு. ‘லிஸன் டு மி’ என்றால் நான் சொல்வதைக் கேள். இங்கெல்லாம் பிரதிப்பெயர் இறுதியில் நிற்கிறது. விதி மாறிவிட்டதா என்றால், இல்லை. ஆஃப்டர், ஃபார், டு, அட் என்பன இத்தொடர்களில் வினையடைகள் அல்ல, முன்னிடைச் சொற்கள். அவை தமக்குப் பின்னே ஒரு பெயரைத் தாங்கியே நிற்கும்; அதை விட்டுப் பிரியமாட்டா.

இரண்டையும் வேறுபடுத்தி அறிய இரு வழிகள் உண்டு. முதலாவது, நடுவே ஒரு பெயரை வைத்துப் பார்ப்பது. ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ என்று வரும். ‘லுக் தி சைல்ட் ஆஃப்டர்’ என்று ஒருபோதும் வராது. இரண்டாவது, காதால் அளப்பது. ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ அழுந்தி ஒலிக்கும். ‘லுக் அட் இட்’ என்பதிலோ ‘லுக்’ அழுந்தும், பின்னிரண்டும் மெலியும்.

ஒரே சொல் இருவகையாகவும் வரக்கூடும். கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஒருவர் மேலே ஓடினால், ‘ஹி ரேன் அப் தெம்’ என்போம். ‘அப்’ இங்கே முன்னிடைச் சொல். ஒருவர் கொடிமரத்தில் கொடியை ஏற்றினால், ‘ஹி ரேன் இட் அப்’ என்போம். இங்கே ‘அப்’ வினையடை. முன்னதில் மனிதர் மேலே போகிறார். பின்னதில் கொடி மேலே போகிறது. சிறு சொல்லின் இடம் மாறினால் பொருளும் மாறுவதைக் காண்கிறீர்கள்.

வினையடையும் முன்னிடைச் சொல்லும் சேர்ந்து வந்தால் பிரதிப்பெயர் இறுதிக்கே போய்விடும். ‘புட் அப் வித் இட்’ என்றால் அதைப் பொறுத்துக்கொள். ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ என்றால் அதை ஆவலுடன் எதிர்நோக்கு.

ஆன், ஆஃப் போன்ற சிறு வினையடைகளுக்கு மட்டுமன்றி, மெதுவாக, நன்றாக, கவனமாக எனத் தன்மையைக் காட்டும் வினையடைகளுக்கும் நடுவே வர இடமில்லை. ‘ரீட் இட் ஸ்லோலி’, ‘ஐ நோ ஹிம் வெல்’, ‘ஐ லைக் இட் வெரி மச்’ என்றே சொல்ல வேண்டும். ‘ஐ லைக் வெரி மச் இட்’ என்று நம்மில் பலர் சொல்வதும் மேலே சொன்ன கண்ணாடிப் பிழைதான்.

வீட்டிலேயே கற்கலாம்

இதற்காக நகரத்திற்குச் சென்று பணம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர், 1960-களில் ஒரு கற்பித்தல் முறையை உருவாக்கினார். ஆசிரியர் கட்டளையிடுவார், மாணவர் பேசாமல் அதைச் செய்து காட்டுவார். எழு, உட்கார், எடு, வை என்று உடலோடு சேர்ந்து மொழி மனத்தில் பதிகிறது. நாம் இப்போது பேசும் பாடத்திற்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. தாய்மார்களே, சகோதரிகளே, நீங்களே இதற்கு ஆசிரியைகள்!

காலையில் பிள்ளையை எழுப்ப வேண்டுமா? மூத்தவளிடம், ‘வேக் ஹிம் அப்’ என்று சொல்லுங்கள். ரமளானில் ஸஹருக்கு எழுப்பும்போது இது முப்பது நாளும் பழகிவிடும். சட்டையைக் கையில் கொடுத்து, ‘புட் இட் ஆன்’. காலணியைக் காட்டி, ‘டேக் தெம் ஆஃப்’. தரையில் கிடக்கும் பேனாவைக் காட்டி, ‘பிக் இட் அப்’. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால், ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. அடுப்பில் காஸ் எரிந்தால், ‘டர்ன் இட் ஆஃப்’. கூட்டவா குறைக்கவா என்பதற்கு, ‘டர்ன் இட் அப்’, ‘டர்ன் இட் டவுன்’. பொருள் தெரியாத சொல்லுக்கு அகராதியைக் காட்டி, ‘லுக் இட் அப்’. இரவல் வாங்கிய நூலுக்கு, ‘கிவ் இட் பேக்’. தொலைபேசியில் வாப்பா அழைத்துத் தொடர்பு அறுந்தால், ‘கால் ஹிம் பேக்’.

பொருளை முதலில் பெயர் சொல்லிக் காட்டாதீர்கள். கையால் காட்டி ‘இட்’ என்றே சொல்லுங்கள். அப்போதுதான் காது நடுச்சொல்லுக்கும் கடைசிச் சொல்லுக்கும் பழகும். ஒரே வினையை எடுத்துக்கொண்டு கடைசிச் சொல்லை மட்டும் மாற்றி விளையாடுவது இன்னும் நன்று. ‘டேக் இட் அவுட்’ என்றால் வெளியே எடு. ‘டேக் இட் அவே’ என்றால் அப்பால் கொண்டு செல். ‘டேக் இட் டவுன்’ என்றால் கீழே இறக்கு. ‘டேக் இட் பேக்’ என்றால் திரும்ப எடுத்துக்கொள். கடைசிச் சொல் காதில் விழும்வரை பிள்ளை கையை அசைக்கக் கூடாது என்பதே விளையாட்டின் நிபந்தனை. முந்திக்கொண்டவர் தோற்றவர்.

தீ தொடர்பான இரு தொடர்களை மட்டும் கண்டிப்பாகக் கற்றுக்கொடுங்கள். ‘புட் இட் அவுட்’ என்றால் தீயை அணை. ‘புட் இட் ஆஃப்’ என்றால் ஒத்திப்போடு. தீப்பற்றிய இடத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள நேரம் இராது.

சபர் செல்லும் பிள்ளைகளுக்கு

நம் டெல்டா மாவட்டங்களின் கடலோர ஊர்களில் சபராளி இல்லாத தெரு அரிது. கடவுச்சீட்டு, விசா, விமானச் சீட்டு, ஊறுகாய்ப் புட்டி, மாசித் தூள் என எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். இந்தச் சிறு பாடத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் என்ன? அதற்குச் சுமைக் கட்டணம் கிடையாது!

பிள்ளையை விமான நிலையம்வரை சென்று வழியனுப்பி வரும் தாய், தன் துயரத்தை ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால், ‘ஐ பிராட் ஹிம் அப், ஐ ஸா ஹிம் ஆஃப்’ என்பாள். நான் அவனை வளர்த்தேன். நான் அவனை வழியனுப்பினேன். இரு வாக்கியங்களிலும் ‘ஹிம்’ என்ற பிள்ளை நடுவில் இருக்கிறான்.

நிறைவாக ஒன்று சொல்வேன். கயிற்றை விட்ட அந்த மாணவர் மீண்டும் வேலைக்குச் செல்லுமுன் சில மாலைகள் என்னிடம் வந்து அமர்ந்தார். இந்தத் தொடர்களையே திரும்பத் திரும்பப் பயின்றோம். ஒருநாள் அவரே சொன்னார்: “ஹஜ்ரத், தமிழில் ‘அதைக் கீழே’ என்று யாராவது சொன்னால், நாம் உடனே ஒன்றும் செய்வதில்லையே. ‘வை’ என்கிறாரா, ‘போடு’ என்கிறாரா, ‘இறக்கு’ என்கிறாரா என்று கடைசிச் சொல்லுக்காகக் காத்திருக்கிறோமே! ஆங்கிலத்தில் மட்டும் ஏன் அவசரப்பட்டேன்?”

நான் சொல்லித் தராத பாடத்தை அவர் எனக்குச் சொல்லித் தந்தார். ஆம், வாசகர்களே! வாக்கியத்தின் இறுதிவரை பொறுத்திருந்து பொருள் கொள்வது தமிழ்ச் செவிக்குப் பிறவிக் குணம். தமிழில் வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்தின் இத்தொடர்களில் வினையடை இறுதியில் நிற்கிறது. இரண்டிலும் செயல் முழுமையாவது கடைசிச் சொல்லில்தான். நமக்குத் தேவை புதிய ஆற்றல் அன்று. நம்மிடம் உள்ள பொறுமையை மற்றொரு மொழிக்கும் கொண்டுசெல்வதே.

அன்று கோடியக்கரையில் கேள்வி கேட்ட பிள்ளைக்கும் பின்னர் விடை சொல்லிவிட்டேன். “தம்பி, நீ சொன்னது அவருக்கு விளங்கியது உண்மைதான். நாளை உனக்கு ஒருவர் சொல்வது உனக்கு விளங்க வேண்டும், அதற்காகவே இதைக் கற்கிறாய்” என்றேன். அவன் சற்றே யோசித்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தான். “ஐ வில் ரைட் இட் டவுன், ஹஜ்ரத்!”